கருணாம்பிகைக்குப் பச்சை வந்தது

காலையில் எதிர்ப்படுகிறவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்கும் வழக்கம் திருப்பூரில் ஒழிந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. சோற்றுக்கு யாருக்கும் குறைவில்லை. அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது? இப்போதெல்லாம் "நேத்துப் பச்சைங்களா?" என்றுதான் கேட்பார்கள். "பச்சைதானுங்க" என்று மணிக்கட்டை உயர்த்திக் காட்டிவிட்டு நடப்பார்கள். கருணாம்பிகை மட்டும் யாராவது எதிரே வந்தால் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு, அவசர வேலை இருப்பவள் போல நடையை எட்டிப் போடுவாள். அவசர வேலை என்று ஒன்று அந்த ஊரில் எவருக்கும் கிடையாது என்பது வேறு விஷயம்.

அவள் போவது கைவேலைக்கூடத்துக்கு. ஒரு மாடியில் கூடை முடைவார்கள், ஒரு மாடியில் பூவேலை, இன்னொன்றில் பாசிமணி. கருணாம்பிகைக்குக் கம்பளிப் பின்னல் என்று கணினி ஒதுக்கியிருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில் ஸ்வெட்டர் யார் போடப்போகிறார்கள் என்று கேட்டுவிடக் கூடாது. பின்னி முடித்ததைக் கூடத்தின் மூலையில் இருக்கும் பிரிப்பான் இயந்திரத்தில் போட வேண்டும். அது மறுநாளே எல்லாவற்றையும் நூலாக்கி, உருண்டையாகச் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து பின்னலாம்.

எல்லா வேலையையும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்ட புதிதில் ஜனங்கள் கொண்டாடத்தான் செய்தார்கள். கொண்டாட்டம் சலித்த பிறகு வெறுமை பிடித்து, தாமாகவே சாகத் தொடங்கினார்கள். அரசாங்கம் பதறிப்போய் ஆராய்ச்சி செய்தது. கையில் பிடித்த வேலை இருக்கிற மனிதன் சாக நினைப்பதில்லை என்று கண்டுபிடித்தது. அப்படிப் பிறந்ததுதான் கைமகிழ்வுச் சட்டம். தினமும் ஒரு பொழுது எல்லோரும் கைவேலை செய்ய வேண்டும். செய்தால் மட்டும் போதாது, ரசித்துச் செய்ய வேண்டும். ரசிக்கிறார்களா இல்லையா என்று பார்க்கத்தான் மணிக்கட்டில் களிகாட்டி. ரத்தத்தையும் நரம்பையும் அது படிக்கும். மனசு மகிழ்ந்தால் பச்சையாக ஒளிரும், இல்லையென்றால் சாம்பல் நிறத்தில் கிடக்கும். பல்லை இளித்தாலும் பாட்டுப் பாடினாலும் அதை ஏமாற்ற முடியாது.

ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குள் ஒரு தடவைகூடப் பச்சை வராதவர்களை வண்டி வந்து மனநேர்த்தி நிலையத்துக்கு அழைத்துப் போகும். மண்டைக்குள் மெல்லிய கம்பி ஒன்றை விட்டு எதையோ திருகிவிடுவார்கள். இரண்டே நாளில் ஆள் திரும்பி வந்துவிடுவார். "அவங்கள நேந்து விட்டுட்டாங்க" என்று கோயில் கிடாயைச் சொல்வது போல ஊரார் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கு எல்லாமே சந்தோஷம்தான். கீழ்வீட்டு ரங்கநாயகியை அப்படித்தான் நேர்ந்து விட்டார்கள். அவள் மகன் மாடிப்படியில் உருண்டு, கால் எலும்பு வெளியே தெரிய அலறினான். ரங்கநாயகி அவனைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். கையிலிருந்த வரிசையைப் பின்னி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அதைக் கண்ணால் பார்த்த நாளிலிருந்து கருணாம்பிகைக்கு அந்த வண்டியை நினைத்தாலே பயம். தனக்காக அல்ல. அவள் கணவர் நாச்சிமுத்து எலும்பை அரிக்கும் ஒரு நோயில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அந்த நோய்க்கு மட்டும் இன்னும் வைத்தியம் வரவில்லை. சாயங்காலம் போடும் மருந்து வலியைப் பாதியாகக் குறைக்கும், மீதிப் பாதியை அவர்தான் தாங்க வேண்டும். நேர்த்தி செய்து அதையும் மறக்கடித்துவிடலாம் என்றால், படுக்கையில் கிடப்பவர்களுக்கு இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள்.

"எனக்கு வலிக்கிறதுகூடப் பரவால்ல கருணா," என்று அவர் ஒருநாள் சொன்னார். "வலிக்கிறப்ப உன்ற மூஞ்சி சுருங்குது பாரு, அதப் பாத்தாத்தான் எனக்குத் தெம்பு. அதயும் நேந்து விட்டுட்டா, இந்த ஊர்ல எனக்காக வெசனப்பட யாரு இருக்கா?"

"போகமாட்டேன் மாமா. எப்படியாவது பச்சை வர வெச்சுருவேன்," என்றாள் அவள்.

சொல்வது சுலபம். ஊசியைக் கையில் எடுத்தாலே அவளுக்கு எரிச்சல் மண்டும். நான்கு வரிசை பின்னுவதற்குள் நூல் சிக்கி, அவள் மனமும் சிக்கிவிடும். கடைசியாகப் பச்சை வந்தது போன அமாவாசைக்கு முன்பு, அதுவும் ஜன்னல் வழியே மழை பெய்ததைப் பார்த்துக்கொண்டு பின்னியதால். மழை என்ன, கூப்பிட்டால் வருமா?

பக்கத்து நாற்காலிக்காரி துளசிமணிக்கோ ஊசியைத் தொட்டாலே பச்சை. அந்தப் பெண்ணுக்குப் பின்னுவதில் அப்படி ஒரு பித்து. மாங்காய்ப் பூ போட்ட சால்வை ஒன்றை வாரக்கணக்காகப் பின்னிக்கொண்டிருந்தாள். பின்னிய பகுதியை மடியில் விரித்து, பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தடவுவாள். முடிந்ததும் பிரிப்பானுக்குப் போகப்போகிற சால்வை என்று தெரிந்தும் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

"வெசனப்படாதீங்க்கா," என்பாள். "நூல இறுக்கிப் புடிக்காதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். கைக்குத் தெரியுமுங்க, மனசக் கொஞ்சம் தள்ளி வையுங்க." கருணாம்பிகையின் சிக்கலைத் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பாள். நல்லவள். அதை மறுக்க முடியாது.

அமாவாசைக்குச் சில நாள் இருக்கும்போது அது நடந்தது. துளசிமணி தண்ணீர் குடிக்க எழுந்தாள். முந்தானை ஊசியில் மாட்டி, ஊசி சடக்கென்று உருவிக்கொண்டு வந்தது. ஊசியில் கோத்திருந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக நழுவி, மாங்காய்ப் பூக்கள் மேலிருந்து கீழே வரை பிரிந்து போயின. துளசிமணியின் புருவம் சுருங்கி, கீழுதடு நடுங்கி, முகமே கசங்கிப்போனது. அதைப் பார்த்த கருணாம்பிகைக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இதமாக இளகியது. உனக்கும் வேண்டும் என்பது போல ஒரு நினைப்பு. குனிந்து பார்த்தால் மணிக்கட்டு பச்சைப்பசேல் என்று எரிந்தது.

கூடமே கைதட்டியது. துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். "நாஞ் சொன்னனில்லீங்க்கா? கைக்குத் தெரியும்னு." கருணாம்பிகை வெட்கத்தில் செத்துப்போனாள். ஆனாலும் அந்த மாதம் தப்பித்துவிட்டாள்.

அடுத்த மாதம் மறுபடியும் சாம்பல். நாட்கள் கரையக் கரைய, நாச்சிமுத்து ஒன்றும் கேட்காமல் அவள் மணிக்கட்டையே பார்க்கத் தொடங்கினார். ஒருநாள் துளசிமணி எழுந்து போனபோது, கருணாம்பிகை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பின்னலின் ஒரே ஒரு கண்ணியை ஊசியிலிருந்து தள்ளிவிட்டாள். ஒன்றுதானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். துளசிமணி திரும்பி வந்து பார்த்து, முகம் கசங்கினாள். பச்சை வந்தது.

அப்புறம் கை கூசவில்லை. ஒருநாள் கண்ணி, ஒருநாள் நூலில் சின்னதாக ஒரு வெட்டு. மாதத்துக்கு ஒரு பச்சை போதும்தான். ஆனால் அவளுக்கு அது பிடித்துப்போயிற்று, உண்மையைச் சொல்ல வேண்டுமில்லையா? காலையில் கூடத்துக்குப் போக இப்போது கால்கள் தாமாகவே விரைந்தன. எதிரே வருபவர்களிடம் முந்தானையை விலக்கிக் காட்டினாள்.

துளசிமணிக்கு யார்மேலும் சந்தேகம் வரவில்லை. அவள் சந்தேகப்பட்டது தன் கைகளை. "என்னமோ ஆயிப்போச்சுங்க்கா. நா கண்ணிய உடறதே தெரிய மாட்டீங்குது," என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பயந்து பயந்து பின்னினாள், நூலை இறுக்கிப் பிடித்தாள். பிறகு ஊசியை எடுக்கவே தயங்கினாள். அவள் மணிக்கட்டு மங்கிக்கொண்டே வந்து சாம்பலாகி, ஒரு முழு மாதம் சாம்பலாகவே கிடந்தது.

வண்டி வந்த அன்று அவள் கருணாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருவாட்டி சொல்லுங்க்கா, என்ற கை நல்லாத்தான இருக்குது? நீங்க சொன்னா எனக்கு இப்பவே பச்சை வந்துருமுங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் வந்திருக்கும். கருணாம்பிகை வாயைத் திறந்தாள். சொன்னால் அடுத்து வண்டியில் ஏறப்போவது யார் என்று நினைத்தாள். "வயசாகுதில்ல அம்மிணி, கை அப்படித்தான்," என்றாள்.

இரண்டு நாளில் துளசிமணி சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். மணிக்கட்டு விடாமல் பச்சை. கருணாம்பிகை அவள் கண்ணெதிரிலேயே ஊசியை முழுதாக உருவிப் போட்டாள். "அடடே, எல்லாம் போயிருச்சுங்க," என்று துளசிமணி குலுங்கிச் சிரித்தாள். கருணாம்பிகையின் களிகாட்டி அசையவில்லை.

"நாந்தான் உருவுனேன். அப்பவும் நாந்தான்," என்றாள் கருணாம்பிகை. அவள் திட்டினாலாவது நெஞ்சு ஆறும் போலிருந்தது.

"அப்படிங்களா? ரொம்பச் சந்தோசமுங்க்கா," என்றாள் துளசிமணி. அந்தக் கண்களுக்குப் பின்னால் மன்னிக்கவோ சபிக்கவோ யாரும் இல்லை.

அந்த மாதமும் அமாவாசை நெருங்கியது. மற்ற நாற்காலிக்காரர்கள் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் பின்னலில் கை வைக்க வழியில்லை. வீட்டில் பின்னினாலும் கணக்கில் சேரும் என்பதால் நூலை எடுத்துவந்து நாச்சிமுத்துவின் கட்டிலருகே உட்கார்ந்தாள். பொழுது சாய்கிற நேரம். மருந்து கொடுக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்குள் வலி அவரைப் பிடித்துக்கொண்டது. புருவம் சுருங்கி, கீழுதடு நடுங்கி, முகம் கசங்கியது. "கருணா," என்று முனகினார்.

அவள் பதறி நிமிர்ந்தாள். பதறியதாகத்தான் அவள் நினைத்தாள். போர்வையின்மேல் பச்சை வெளிச்சம் விழுந்திருந்தது. நாச்சிமுத்து வெளிச்சத்தைப் பார்த்தார், அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். களிகாட்டி பொய் சொல்லாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

"மாமா, அது நெசமில்லீங்க," என்றாள். அழ வேண்டும் போலிருந்தது, அழுகை வரவில்லை. வெளிச்சம்தான் கூடிக்கொண்டே போனது.

வலி கொஞ்சம் தணிந்ததும், "எனக்காகத்தான நேந்து விடாம இருக்கோணும்னு கெடந்து அல்லாடுற," என்றார். "இனி பச்சைக்கு வேற வழி தேடி அலைய வேண்டாம். மாசத்துக்கு ஒருவாட்டி சாயங்கால மருந்த நிறுத்திப்போடு. நாந் தாங்கிக்குவேன்."

"ஐயோ, என்ன பேச்சு பேசறீங்க," என்று அவள் எழுந்து போய் மருந்தை எடுத்து வந்து, அவருக்குப் புகட்டினாள். அவர் மறுக்காமல் விழுங்கிவிட்டு உறங்கினார்.

அடுத்த மாதம் முழுக்க அவள் மழைக்காகக் காத்திருந்தாள். மழை பெய்யவில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலம் மருந்து நேரம் வந்தது. கருணாம்பிகை எழுந்துபோய், சத்தம் வெளியே கேட்காதபடி ஜன்னல்களையும் கதவையும் சாத்தினாள். பிறகு நூலையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு, அவர் முகம் நன்றாகத் தெரியும் பக்கமாக வந்து உட்கார்ந்தாள்.