தனியாக வந்தவர்கள் கதவைத் தட்டவும்

நாற்பத்தொன்றாம் எண் பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் நான் இறங்கியபோது மாலை நான்கு மணி. நிறுத்தத்தின் பெயர் ‘வனவர் வீடு’. இருபது வருடம் இதே தடத்தில் வண்டி ஓட்டியவன் நான். அந்த நிறுத்தத்தில் ஏறவும் இறங்கவும் யாரும் இருந்ததாக நினைவில்லை. வண்டியைத் திருப்புவதற்கு மட்டும் அங்கே வருவேன். காட்டைப் பார்த்ததுகூட இல்லை.

பிப்ரவரியில் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. மே மாதம் வரை விடுப்பு. தினமும் நடக்கச் சொன்னார்கள். எங்கே நடப்பது, யாரோடு நடப்பது என்று அவர்கள் சொல்லவில்லை. மனைவி ரோஸ்விதா மூன்று வருடங்களுக்கு முன்பே ஃப்ரைபுர்க் போய்விட்டாள், பாட்டுக் குழுவில் தாழ்ந்த குரலில் பாடும் ஒரு பல் மருத்துவரோடு. என் வீட்டில் சத்தம் என்றால் குளிர்சாதனப் பெட்டிதான்.

கூட வேலை செய்யும் டெட்லெஃப்தான் என் போனில் அந்தச் செயலியைப் போட்டுவிட்டான். ஜியோகேச்சிங். யாரோ ஒருவர் காட்டில் ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். இடத்தின் எண்களை மட்டும் தருவார். நாம் தேடிப் போக வேண்டும்.

“ஐம்பத்தெட்டு வயசுல ஒளிஞ்சு பிடிச்சு விளையாடச் சொல்றியாடா?”

“வீட்ல உக்காந்து சுவத்தப் பாத்து பேசறதுக்கு இது தேவலாம்யா. பேன்ட்ட சாக்ஸுக்குள்ள விட்டுக்கோ. கோமாளி மாதிரிதான் இருப்ப, பரவால்ல. இந்த வருஷம் காட்டுல உண்ணி ஜாஸ்தி, கடிச்சா காய்ச்சல் வரும். திரும்பி வந்ததும் உடம்பு பூரா பாரு. அக்குள், முட்டிக்குப் பின்னால, முதுகு...”

“முதுக எப்படிடா பாக்கறது?”

அவன் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தான். பிறகு, “கண்ணாடில பாரு” என்றான்.

வரைபடத்தில் எனக்குப் பக்கத்தில் காட்டியதையே தேர்ந்தெடுத்தேன். ஒளித்து வைத்தவரின் பெயர் ‘காட்டு ஆந்தை’. கடைசியாக ஒருவர் அதைக் கண்டுபிடித்து ஒன்பது வருடமாகிறது. எனக்கு அதுவே பிடித்திருந்தது.

வனவர் வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வாசல்வரை புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதற்குள் நுழைந்து போனேன். புல் நுனிகளில் உண்ணிகள் முன்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்குமாம். மாதக்கணக்கில் ஒன்றும் தின்னாமல், யாராவது உரசிக்கொண்டு போவார்களா என்று. டெட்லெஃப் சொன்னது. அந்தக் கால்சட்டைக் கோலத்தோடு நடக்கையில் அவற்றின் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

வீட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறப் பட்டையோடு ஓங்கி வளர்ந்த ஒரு பீச் மரம். அதன் வேருக்கடியில் இலைகளை விலக்கியதும் பச்சை நிறத் தகரப்பெட்டி தட்டுப்பட்டது. சின்னப் பையனைப்போல ‘ஹா!’ என்று கத்திவிட்டேன். பதிலுக்கு ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

பெட்டிக்குள் ஒரு பென்சில், உண்ணி பிடுங்கும் சிறு இடுக்கி, நனைந்து ஊறிய குறிப்பேடு. எல்லாவற்றிலும் லாவெண்டர் எண்ணெய் வாசனை. முதல் பக்கத்தில் நீல மையில், உருண்டை உருண்டையான எழுத்து:

‘பெயர், தேதி, எத்தனை பேர் வந்தீர்கள் என்று எழுதுங்கள். கிளம்பும் முன் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தவர்கள் வனவர் வீட்டுக் கதவைத் தட்டவும். நான் பார்க்கிறேன். – காட்டு ஆந்தை.’

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வோல்க்மர் என்று என் பெயரை எழுதி, தேதி போட்டு, எத்தனை பேர் என்ற இடத்தில் 1 என்று எழுதினேன். ஈரத் தாளில் அந்த ஒன்று சரியாகப் பதியவில்லை. இரண்டாவது முறை அழுத்தி எழுதினேன்.

அப்புறம்தான் அந்தத் தவறைச் செய்தேன். ஏடு நனைந்திருக்கிறதே, காயவைத்துக் கொண்டுவந்து வைக்கலாம் என்று பெட்டியைப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலை போன் சிணுங்கியது. செயலியில் அந்தப் பெட்டிக்கான பக்கத்தில் புதிதாக ஒரு பதிவு.

‘காட்டு ஆந்தை: தேடினேன். கிடைக்கவில்லை. வனவர் வீடு.’

பெட்டிக்கு உரியவர் வந்து பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். குறிப்பேடு இன்னும் காயவில்லை. அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் விரித்து வைத்திருந்தேன்.

இரண்டாம் நாள்: ‘தேடினேன். கிடைக்கவில்லை. ஆலைப் பாலம்.’

மூன்றாம் நாள்: ‘தேடினேன். கிடைக்கவில்லை. கல்லறைச் சாலை.’

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். வனவர் வீடு, ஆலைப் பாலம், கல்லறைச் சாலை. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நாற்பத்தொன்றாம் எண் பேருந்து ஊருக்குத் திரும்பும் வரிசை அது. அடுத்தது பழைய சந்தை. பழைய சந்தைக்குப் பின்னால்தான் என் வீடு.

டெட்லெஃபுக்குப் போன் செய்தேன்.

“யோவ், டப்பாவத் தூக்கிட்டா வந்த? அறிவிருக்கா உனக்கு? கண்டுபிடிச்சா பேர எழுதிட்டு அங்கயே வெக்கணும். விளையாட்டே அதான்!”

“ஏடு நனைஞ்சு போயிருந்துச்சுடா. காயவெச்சுட்டு...”

“யாரோட டப்பா?”

“காட்டு ஆந்தைன்னு போட்டிருக்கு.”

மறுமுனையில் அவன் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

“அது ஹைட்ருனோட டப்பாயா. வனவர் வீட்ல தனியா இருந்தாங்க. இந்த விளையாட்ட எங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்ததே அவங்கதான். ஊர்ல எல்லார் முதுகையும் பாத்துவிடுவாங்க. அவங்க முதுகுலயே உண்ணி ஒண்ணு கடிச்சிருக்கு, பாக்க ஆளில்ல. மூளைக் காய்ச்சல். செத்துப்போய் பத்து நாள் கழிச்சு தபால்காரர்தான் பாத்தாரு.”

“எப்போ?”

“ஒன்பது வருஷம் ஆச்சு. எவனோ அவங்க பாஸ்வேர்டத் திருடிட்டு விளையாடறான். நீ முதல்ல டப்பாவக் கொண்டுபோய் வை.”

வைக்கிறேன் என்றேன். வைக்கவில்லை. அன்று முழுக்க மழை பெய்தது, முழங்கால் வலித்தது என்று காரணம் சொல்லலாம். உண்மை வேறு. மூன்று நாளாகக் காலையில் எழுந்ததும் போனைத்தான் எடுக்கிறேன். யாரோ என்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறார்கள். அப்படி யாரும் வந்து நெடுநாளாகிவிட்டது.

நான்காம் நாள் காலை: ‘தேடினேன். கிடைக்கவில்லை. பழைய சந்தை.’

அன்று மதியம் மூன்று மணிக்கு இன்னொன்று.

‘இரண்டாம் மாடி. மஞ்சள் கதவு.’

என் கதவு மஞ்சள்.

படிக்கட்டுப் பக்கத்திலிருந்து வாசனை வந்தது. லாவெண்டர் எண்ணெய். கூடவே, நனைந்த கம்பளியின் வாடை.

கதவைத் திறந்தேன். யாருமில்லை. கால் மிதியடி மட்டும் ஈரமாக இருந்தது.

ஏடு, பென்சில், இடுக்கி எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டு மூடினேன். எதையும் விடவில்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். அடுத்த பேருந்தைப் பிடித்தேன். வழியெல்லாம் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. கூட்டம் இருந்தும் அதில் யாரும் உட்காரவில்லை.

வனவர் வீட்டில் மழை விட்டு மூடுபனி இறங்கியிருந்தது. கால்சட்டையைச் சாக்ஸுக்குள் விட மறந்துவிட்டேன். புல்லுக்குள் நடந்தேன். எனக்குப் பின்னாலும் புல் சரசரத்தது.

நின்றேன்.

அதுவும் நின்றது.

ஓட்டுநர்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம். பின்னால் நடப்பதைக் கண்ணாடியில் பார்த்துத்தான் பழக்கம். அங்கே கண்ணாடி இல்லை. நேராக மரத்தடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதலாம் என்று ஏட்டைத் திறந்தேன்.

என் பெயர் இருந்தது. தேதி இருந்தது. நான் அழுத்தி எழுதிய 1 அடிக்கப்பட்டிருந்தது.

பக்கத்தில் நீல மையில், உருண்டையாக, 2.

பெட்டியை வேருக்கடியில் தள்ளி இலைகளைப் போட்டு மூடிவிட்டு, முழங்காலை மறந்து ஓடினேன். வீட்டின் வாசலைக் கடந்துதான் சாலைக்குப் போக வேண்டும். அன்று சாத்தியிருந்த ஜன்னல்களில் ஒன்று இப்போது திறந்திருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

மூன்று முறை. மெதுவாக.

உள்ளேயிருந்து.

நிறுத்தத்தில் அடுத்த பேருந்து நின்றிருந்தது. டெட்லெஃப்தான் ஓட்டி வந்திருந்தான். ஏறி முன் இருக்கையில் விழுந்தேன். அவன் கதவை மூடாமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிளம்பேன்டா!”

“அவங்க ஏறலையா?”

“யாரு?”

மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. கதவை மூடினான்.

“ஒண்ணுமில்ல. பனி” என்றான். ஊர் வந்து சேரும்வரை கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே ஓட்டினான். நான் இறங்கும்போது, “இன்னிக்கு எங்க வீட்லயே படுத்துக்கயேன்” என்றான். வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று படி ஏறும்போது யோசித்தேன். பதில் தெரிந்திருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

ஈரத் துணியை மாற்றிக்கொண்டு அப்படியே படுத்துத் தூங்கிப்போனேன். உடம்பைச் சோதித்துப் பார்க்கவில்லை.

காலையில் போனில் ஒரே ஒரு பதிவு.

‘கிடைத்தது. காயவைத்ததற்கு நன்றி.’

பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. ஒரு கோப்பைக் காப்பி போடலாம் என்று சமையலறைக்குப் போனேன்.

மேஜையில் அந்தச் சின்ன இடுக்கி இருந்தது. பக்கத்தில், குறிப்பேட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் தாள். அதன் மேல் டேப் ஒட்டி, டேப்புக்கு அடியில் ஓர் உண்ணி. எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கடித்ததை ஒட்டி, தேதி எழுதி வைப்பார்கள், பின்னால் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுவதற்கு. அதன் கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

நீல மையில் அன்றைய தேதி. அதன் கீழே: ‘இடது தோள்பட்டைக்குக் கீழ். முதுகெலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. முழுசாக வந்துவிட்டது.’

கையை வளைத்துத் தடவினேன். எட்டவில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, சவரக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சொன்ன இடத்தில் சரியாக ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் எண்ணெய் மினுமினுப்பு.

உட்கார்ந்து அழுதேன். பயத்தில் என்றுதான் டெட்லெஃபிடம் சொன்னேன். பயம்தான். ஆனால் மூன்று வருடமாக என் முதுகை யாரும் தொட்டதில்லை.

அன்று மாலை மறுபடி காட்டுக்குப் போனேன். வேறு பக்கம், வேறு டப்பா. ஏட்டில் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, மஞ்சள் கதவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே ஜன்னல். வெளியே இருட்டத் தொடங்கியிருந்ததால் அதன் கண்ணாடியில் அறை முழுவதும் தெரிந்தது. எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

கதவு மூன்று முறை தட்டப்பட்டது.

“திறந்துதான் இருக்கு” என்றேன்.

லாவெண்டர் வாசனை வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.