ஓரத்தில் நிற்பவள்

இந்தக் காலத்தில் எவனும் ஒரு வேலையை ஒரே தடவையில் உருப்படியாக முடித்துக் கொடுப்பதில்லை, நம்மைத் திரும்ப நடக்கவிட்டு, நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்லி முட்டாளாக்கி அனுப்புகிறான்கள் என்று கல்மண்டபத்திலிருந்தே முனகிக்கொண்டு வந்தார் லாசர். மழை விட்டும் விடாமலும் தூறியது. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி உறுமிக்கொண்டு நின்றன. பரசுராமனின் வீடியோ கடைக்குள் நுழைந்ததும் சிடியை மேஜைமேல் எறிந்தார்.

“இன்னாடா பண்ணி வச்சிகீற? என் பொண்ணு கல்யாணத்துக்கு வந்தவன் எல்லாம் முருங்கக்கா மாதிரி நிக்கிறான்!”

பரசுராமன் டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தான். “கோச்சிக்காத நைனா. டிவி எப்பவும் படத்தோட ஓரத்த முழுங்கிடும். கேசட்லேர்ந்து மாத்தும்போது அந்த ஓரமும் சேந்து வந்துச்சு. மொத்தத்தையும் அதே பெட்டிக்குள்ள அமுக்கிட்டேன். அதான் ஒல்லியா கீது.”

“ஓரத்துல இன்னா கீது?”

“இன்னா இருக்கும்? எப்படா பிரியாணி போடுவான்னு பாத்துகினு நிக்கிறவன்தான்.”

லாசர் நம்பவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்திலிருந்தே, மூடிய பெட்டிக்குள் இருப்பதை எவன் சொன்னாலும் நம்பாதவர். அப்படி ஒரு பெட்டியைக் குனிந்து பார்க்கப்போய்த்தான் அது சரிந்து இடது காலின் சுண்டுவிரலைக் கொண்டுபோனது.

ஆனால் இந்த வேலையை விட்டுத் தொலைக்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை செத்துப்போன பெண்டாட்டி சிலுவையம்மாளுக்கு முதல் வருஷப் பூசை. மகள் கிறிஸ்டினா வருகிறாள். சிலுவையம்மாள் உயிரோடு அசைகிற ஒரே இடம் அந்தக் கல்யாணக் கேசட்தான். அதற்கும் பூஞ்சை பிடித்துவிட்டது. கேமராவைக் கண்டாலே ஓரத்துக்கு ஒதுங்கிவிடும் கூச்சக்காரி அவள். அவ்வளவு நீளப் படத்தில் அவள் முகம் தெரிவது ஒரே தடவை: கேக் வெட்டும்போது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

“ஓரத்தோடயே போட்டுக் காட்டு,” என்றார். “அவ அங்கதான் நிப்பா.”

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நனைந்த சட்டையிலிருந்து காசிமேட்டு மீன் நாற்றமும், பின்னால் சூடேறிய ஒயர்களின் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏற, கம்ப்யூட்டரில் சத்தமில்லாமல் கோயில் படிக்கட்டு வந்தது, பேண்டுக்காரர்கள் கன்னம் உப்ப ஊதினார்கள், பூ மழைக்கு நடுவே கிறிஸ்டினா இறங்கி வந்தாள். இடது ஓரத்தில், இத்தனை வருஷம் டிவி முழுங்கி வைத்திருந்த ரெண்டு விரற்கடை அகலத்தில், சிலுவையம்மாள் நின்றாள்.

லாசருக்கு நெஞ்சு நிறைந்தது. மறுகணமே உறுத்தியது. கல்யாணத்துக்கு அவள் கட்டியது மாம்பழ நிறப் பட்டு. இது வெள்ளைப் புடவை. தாடையைச் சுற்றியும் வெள்ளையாக என்னவோ.

“பூஞ்சை நைனா. தொடச்சிடலாம்.”

பரசுராமன் எதையோ தட்டினான். படம் முழுக்கத் தெளிந்தது. வெள்ளை மட்டும் போகவில்லை. தாடையைத் தூக்கிக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட துணி அது. பிணத்துக்குக் கட்டுகிற கட்டு.

போன வருஷம் அவளை அப்படிக் கட்டித்தான் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். குடும்பமே சுற்றி நின்றது. லாசர் பின்னால் நின்று அவள் தோள்மேல் கைவைத்துக்கொண்டார். கடைசிப் படம். எடுத்தவன் இதே பரசுராமன்.

“டேய், சாவு கேசட்டையும் இதையும் கலந்துட்டியாடா?”

“அது உன் வூட்ல கீது நைனா. நான் எங்க கலக்கறது?” அவன் குரல் இறங்கிப்போயிருந்தது. “அதுவும் இல்லாம, அதுல அம்மா உக்காந்துகினு இருந்தாங்க. இதுல நிக்கிறாங்களே.”

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. கடை இருண்டு, கம்ப்யூட்டர் மட்டும் எரிந்தது. மேஜைக்கடியில் யுபிஎஸ் பெட்டி கத்தத் தொடங்கியது. கீக். கொஞ்சம் விட்டு, கீக்.

“கேக் வெட்டறதுக்குப் போ,” என்றார் லாசர். “அதுல சிரிப்பா.”

கேக் வந்தது. கிறிஸ்டினா வந்தாள், மாப்பிள்ளை வந்தான். அவர்களுக்கு நடுவே ஓர் ஆள் நிற்கும் இடம் வெறுமையாக இருந்தது. சிரிப்பு இல்லை. சிலுவையம்மாள் இல்லை.

ஓரத்தில் இருந்தாள்.

இப்போது அவள் கை படத்துக்கு வெளியே நீண்டிருந்தது. ஒரு தோளைப் பிடித்திருக்கிற கை. தோள் தெரியவில்லை. பக்கவாட்டில் போட்ட நாற்காலியின் முன்கால் தெரிந்தது. ஒரு முழங்கால். நீட்டிய ரெண்டு பாதங்கள். கட்டைவிரல்கள் ரெண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது.

கீக். கீக்.

இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

மழை வாடையில் பன்னீர் மணம் கலந்து வந்தது. சாம்பிராணியும்.

“நைனா,” என்றான் பரசுராமன். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. “இன்னும் கொஞ்சூண்டு ஓரம் கீது. இழுத்தா மூஞ்சி தெரிஞ்சிடும். இழுக்கவா?”

“வாணாம்.”

கீக் கீக் கீக்.

“வாணாம்டா! கலீஜ் வேல பண்றியா? எவனோ தோஸ்த வச்சி ஒட்டிட்டு எங்கிட்டயே கதை வுட்றியா?”

சிடியையும் எடுக்கவில்லை, கேசட்டையும் கேட்கவில்லை. தெருவில் இறங்கினார். பின்னால் பெட்டியின் கத்தல் நீண்டு, ஒரேயடியாக அடங்கியது. ஸ்டூலோடு ஓர் ஆள் சாய்ந்து விழுந்த சத்தம்.

“நைனா! ஐயோ, நைனா!”

லாசர் திரும்பவில்லை. ஃபிராடுப் பசங்க, எல்லாம் கம்ப்யூட்டர் பண்ற வேலை என்று திட்டிக்கொண்டே லாரிகளின் ஓரமாக நடந்தார். செருப்பு சரியில்லை, கால் எட்டிப் போட வரவில்லை. மழையில் வார் ஊறியிருக்கும். ரெண்டையும் உதறிவிட்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தார். வழுக்குத் தரை, எவனும் ரோட்டை ஒழுங்காகப் போடுவதில்லை. பன்னீர் மணம் கூடவே வந்தது. தோள்மேல் மழைத்தண்ணீர் ஒரு கையளவு அகலத்துக்குச் சில்லென்று தங்கியிருந்தது.

ரெண்டு கால் கட்டைவிரல்களும் ஒட்டியது ஒட்டியபடி இருக்க, ரோட்டைத் திட்டிக்கொண்டே, ஒரு சாண் ஒரு சாணாகக் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார்.