பலகைக்குப் பின்னால் ஆல்பன்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மதியம், சூரிக்கிலிருந்து ஹூர்லிமான் தம்பதி ஓபர்மாட் மலைக்கிராமத்தில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேருக்கு ஆறு பெட்டி, நான்கு ஜோடி பனிச்சறுக்குப் பலகைகள். உடுப்பைப் பார்த்தால் உலகப் போட்டிக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி இருந்தது. வாசல்படி ஏறுவதற்குள் அந்த அம்மாள் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள்.

விருந்தாளிகளுக்கு வீட்டை வாடகைக்கு விடும் ஆம்புரோஸ் பல்லை இளித்துக்கொண்டு பெட்டிகளைத் தூக்கினான். 'வந்துட்டானுங்க வேஷக்காரனுங்க' என்று மனசுக்குள் திட்டிக்கொண்டான். அவனுக்கு விருந்தாளி என்றால் இளக்காரம், ஊர்க்காரன் என்றால் இன்னும் இளக்காரம். சொந்தத் தம்பி ஆல்பனையே அவன் மனுஷனாக மதித்ததில்லை.

அந்த ஆல்பன் இதே வீட்டில்தான் மூன்று வாரம் முன்பு செத்தான்.

அங்கே பழைய மரவீடு ஒவ்வொன்றிலும் படுக்கையறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம் இருக்கும். அதற்கு ஒரு சின்ன மரமூடி. யாராவது சாகும்போது மூடியைத் தள்ளித் திறப்பார்கள். உயிர் அது வழியாகப் போகும். போனதும் மூடிவிடுவார்கள். ஆல்பன் சாகக் கிடந்தபோது அந்தத் துவாரத்தின் மேல் புத்தம்புது தேவதாருப் பலகை அடித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தம்பி கண் மூடட்டும் என்றுகூடக் காத்திருக்காமல், குளிர்கால விருந்தாளிகளுக்காக ஆம்புரோஸ் அந்த அறையை அழகுபடுத்தியிருந்தான்.

அன்றைக்கு அக்கா பிலோமினா கெஞ்சினாள். "டேய், ஒரே ஒரு பலகைய மட்டும் கழட்டுடா."

"ஏன், மகாராஜா வாசக் கதவு வழியாப் போகமாட்டாராமா?"

"கதவு உசுரோட இருக்கறவங்களுக்குடா."

அவன் சிரித்தானே தவிர, பலகையைத் தொடவில்லை.

விருந்தாளிகள் வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், சறுக்க வந்தவர்களை மலைமேல் ஏற்றும் இழுவைக்கம்பி நின்றதும் ஹூர்லிமான் அம்மாள் நேராக அவனிடம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"தலைமாட்டுச் சுவத்துல யாரோ மூச்சு வாங்கறாங்க," என்றாள் கிசுகிசுப்பாக.

"பழைய மரம், அம்மா. குளிர்ல அப்பப்ப முனகும்."

"மரம் இருமுமா?"

அவர்கள் அன்றைக்கே பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கீழே விடுதிக்குப் போய்விட்டார்கள். உருக்கிய பாலாடைக்கட்டி ராக்லெட் சாப்பிடும் இடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள் என்று ஆம்புரோஸுக்குத் தெரியும். ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கும். பிறரைப் பார்த்துச் சிரித்தே பழகியவனுக்கு அதைவிடக் கேடு வேறில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆணி பிடுங்கும் கம்பியோடு அறைக்குள் போனான். பிலோமினா பின்னாலேயே வந்து கதவருகில் நின்றாள்.

கணப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் மூக்கு நுனி விறைத்தது. ஆல்பனின் ஈரக் கம்பளி வாடையும் பழைய குழாய்ப் புகையிலை வாடையும் அடித்தன. தலைமாட்டுப் பலகையில் ஓரிடத்தில் மட்டும் உறைபனி பூத்திருந்தது. அது விரிந்தது, சுருங்கியது, மறுபடி விரிந்தது.

உள்ளே யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"திறந்ததும் ஒதுங்கி நில்லுடா," என்றாள் பிலோமினா. "அவன் வழிய மறிக்காத. இப்பவாவது போகட்டும், பாவம்."

"பாவமாம்! உசுரோட இருந்தப்பவே எந்திரிச்சுப் போகத் துப்பில்லாத பய."

பலகை கிறீச்சிட்டுக் கழன்றது. பின்னால் இருண்ட இடுக்கு. இடுக்கின் மறுபக்கம் பழைய மரச்சுவரில் அந்தத் துவாரம், மூடியோடு. ஆம்புரோஸ் கம்பியால் நெம்பி மூடியைத் தள்ளினான். வெளியே பனி கொட்டும் சாம்பல் வெளிச்சம் தெரிந்தது. அவன் ஒதுங்கவில்லை. ஒதுங்கினால் நம்பியதாக ஆகிவிடும் அல்லவா? இடுக்குக்குள் முழுத் தலையையும் நுழைத்து, துவாரத்தை அடைத்தபடி வாய் விட்டுச் சிரித்தான்.

"போங்க துரை! ராஜபாட்டை திறந்தாச்சு!"

சிரிப்பு பாதியில் நின்றது.

ஏதோ ஒன்று அவன் தொண்டைக்குள் இறங்கியது. ஐஸ் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். மூச்சுச் சத்தம் நின்றது. வாடையும் போய்விட்டது.

ஆம்புரோஸ் தலையை வெளியே இழுத்து, மூடியைச் சாத்தினான். பெரிய வேலையை முடித்தவன் போல அக்காவை அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். மாலை நான்கரை மணி. பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து டிகிரி. எதிர்வீட்டு நாய்கூட வெண்புகையாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"போயிட்டானாடா?" என்றாள் பிலோமினா. அவள் வாயிலிருந்தும் புகை கிளம்பியது.

"போயிட்டான், போயிட்டான். இனி நிம்மதியாத் தூங்கு."

பிலோமினா அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல ஒரு படி கீழே இறங்கினாள்.

"இன்னொரு தடவ பேசு."

"என்னத்தப் பேச? பைத்தியமா உனக்கு?"

அவன் வாயிலிருந்து புகை வரவில்லை.

அவன் தன் வாய்முன் கையை வைத்து ஊதிப் பார்த்தான். கையில் சூடில்லை. மறுபடி ஊதினான். மறுபடியும் ஊதினான்.

பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆல்பன்?" என்றாள், காற்றைவிட மெல்லிய குரலில்.

இல்லை என்று சொல்லத்தான் ஆம்புரோஸ் வாயைத் திறந்தான்.

"இவனுக்குள்ளயும் குளிருதுக்கா," என்றது வாய், ஆல்பனின் குரலில்.