ஆஸ்லின் வயிற்றுக் கட்டி

"திங்கக்கிழமை கீமோ ஆரம்பிக்கப் போறாவளாம், டாக்டரம்மா. அதுக்கு முந்தி ஒரு தடவை நீங்க பாத்துச் சொல்லிருங்க."

கிருபா இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை மேசைமேல் வைத்தாள். அவள் கணவன் தேவஆசீர்வாதம், நான்கு வயது ஆஸ்லினைத் தோளில் போட்டபடி வாசலிலேயே நின்றான். புதியம்புத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மழையில் வந்திருந்தார்கள். அவன் செருப்பில் கரிசல் அப்பியிருந்தது.

கோவில்பட்டியில் சதைப் பரிசோதனைக் கூடம் நடத்தும் டாக்டர் ஆவுடைத்தாய் பதறி யாரும் பார்த்ததில்லை. அவரிடம் பயிற்சிக்கு வந்திருந்த டாக்டர் செல்வகணேஷ் நேர்மாறு.

"எதுக்கு ரெண்டு டப்பா?" என்றார் ஆவுடைத்தாய்.

"ஒண்ணு இவளுக்கு எடுத்த சதை. இன்னொண்ணு இவ அண்ணன் பெனோவுக்கு எடுத்தது. போன வருசம் அவனுக்கும் இதே மாதிரி கட்டி. குடல்ல கேன்சர்னாவ. மருந்து ஏத்த ஆரம்பிச்சதும் போயிட்டான்." கிருபா அந்த டப்பாவின் மூடியைத் தடவினாள். "இவளையும் குடுத்துட்டு நான் என்ன செய்வேன்?"

ஆவுடைத்தாய் குழந்தையின் வயிற்றைத் தொட்டார். வலப்பக்கம் கல்லாக இருந்தது. ரத்த அறிக்கையில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஏகமாக ஏறியிருந்தன.

"அது பூச்சிக்கும் அலர்ஜிக்கும் ஏறுறதுதானே, மேடம்?" என்றான் செல்வகணேஷ்.

"பூச்சி மருந்து கொடுத்தும் இறங்கலையே. காச்சலுக்கு ஸ்டீராய்டு கொடுத்த பிறகு இன்னும் மோசமாயிருக்கு."

"அப்ப டிபி?"

"பார்த்திருக்காங்க, இல்லை. செல்வகணேஷ், ஒரே வீட்டில ரெண்டு பிள்ளைக்கு, ஒரே இடத்தில, அடுத்தடுத்துக் கேன்சர் வருமா? எனக்கென்னவோ நோய் அந்த வீட்டுக்குள்ளே இருக்குன்னு படுது." அவர் கிருபாவின் பக்கம் திரும்பினார். "பிள்ளைங்க மட்டும் திங்கிற பொருள் ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் கிடையாது. கலர் கலரா விப்பாவல்லா, அந்தப் பல்லி முட்டாய்னா ரெண்டுக்கும் உசுரு. பெனோதான் இவளைப் பழக்கிவிட்டான்."

தோளில் கிடந்த ஆஸ்லின் முனகினாள். "பல்லி முட்ட."

"முட்டாய்னு சொல்ல வராது இவளுக்கு" என்றாள் கிருபா.

ஆவுடைத்தாய் குழந்தையின் அருகில் குனிந்தார். "எனக்கு ஒண்ணு தருவியா? சிவப்பு?"

"செவப்பு கெடையாது. வெள்ளை மட்டுந்தான்."

"எந்தக் கடையில வாங்குன?"

"கடையில இல்ல. அம்மா மெஷினுக்குப் பின்னாடி இருக்கு."

கிருபாவின் முகம் வெளுத்தது. புதியம்புத்தூர் கம்பெனிகளுக்கு அவள் வீட்டிலேயே பாவாடை தைத்துக் கொடுக்கிறாள். மெஷின் சுவரோரம் நிற்கிறது. அதற்குமேல் எரியும் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். பிள்ளைகள் அவள் காலடியிலேதான் விளையாடுவார்கள்.

தேவஆசீர்வாதத்தின் பைக்கில் செல்வகணேஷ் அந்த வீட்டுக்குப் போனான். திரும்பி வந்து ஒரு கண்ணாடிக் குப்பியை நீட்டினான். பல்லி முட்டையின் வெள்ளை ஓடுகள், அவற்றோடு ஒட்டிய கறுப்பு எச்சம்.

"மெஷினுக்குப் பின்னால சுவரெல்லாம் இதுதான், மேடம்!"

மறுநாள் ஆவுடைத்தாய் பெற்றோரை உட்கார வைத்து விளக்கினார்.

"பல்லி எச்சத்தில ஒரு பூஞ்சை இருக்கும். எல்லாருக்கும் ஒண்ணும் செய்யாது. அபூர்வமா, இப்படி முட்டையோட சேர்ந்து வாய்க்குள்ள போனா, குழந்தையோட குடல்ல ஒட்டிக்கிட்டுக் கட்டியா வளரும். பார்த்தா கேன்சர் மாதிரியே இருக்கும். வேற சாயம் போட்டுப் பார்த்தேன். சதைக்குள்ள அகலமான பூஞ்சை இழை ஓடுது. அதைச் சுத்தி ஈசினோஃபில் அணுக்கள் அரணா நிக்குது. ரத்தத்தில அது ஏறினதும் இதனாலதான். ஸ்டீராய்டு அந்த அரணைத்தான் உடைச்சிருக்கு. கீமோவும் அதையேதான் செஞ்சிருக்கும்."

"அப்ப பொழைச்சுருவாளா?" என்றான் தேவஆசீர்வாதம்.

"பூஞ்சைக்கு மருந்து இருக்கு. மாசக்கணக்கில சாப்பிடணும். ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். ஆனா வழி இருக்கு."

அவர் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் பேசினார். கீமோ நின்றது. பூஞ்சை மருந்து தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல் விட்டது. கட்டி மெல்ல இளகியது. ஆஸ்லின் சோறு கேட்டாள்.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் மூவரும் பரிசோதனைக்கு வந்தார்கள். எல்லாம் முடிந்தும் கிருபா எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு ரெண்டு டப்பா குடுத்தேன். நீங்க ஒண்ணைப் பத்தித்தான் சொன்னீங்க."

"வேண்டாம், கிருபா" என்றான் தேவஆசீர்வாதம்.

"வேணும். எனக்குத் தெரியணும்."

ஆவுடைத்தாய் கண்ணாடியைக் கழற்றினார். "பெனோவுக்கும் இதே பூஞ்சைதான்மா."

"இந்த மருந்து அப்பவே இருந்துச்சா?"

செல்வகணேஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருந்துச்சு" என்றார் ஆவுடைத்தாய்.

தேவஆசீர்வாதம் வெளியே போனான். பைக்கின் கைப்பிடியைப் பிடித்தபடி குனிந்து நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. கிருபா அழவில்லை.

ஆஸ்லின் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "அம்மா, அப்பா ஏன் அழுதாவ?"

கிருபா அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒனக்குச் சரியாயிரும்னு சொன்னாவல்லா, அதான்."