பட்டியலில் எட்டாவது பெயர்

சோணைமுத்து வாத்தியார் குன்றடியில் சைக்கிளை நிறுத்தியபோது மணி பதினொன்றரை. தல்லாகுளத்திலிருந்து மிதித்துவந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த வாரம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இங்குள்ள சமணர் குகைக்குக் கூட்டிவர வேண்டும். தண்ணீர் உண்டா, நிழல் உண்டா, எத்தனை பேர் உட்காரலாம் என்று முன்னாடியே பார்த்துவரச் சொல்லியிருந்தார் தலைமையாசிரியர். உத்தரவு போடுகிறவருக்கென்ன, அவர் காலா வலிக்கப்போகிறது?

தொல்லியல் துறையின் நீலப் பலகைக்குக் கீழே காவலாளி விருமாண்டி உட்கார்ந்திருந்தார். அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, விரலை மடித்து ஒரு சீட்டி அடித்தார். குடிசையிலிருந்து பத்து வயதுப் பெண் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"உன் பேரென்னம்மா?"

அவள் பதில் சொல்லாமல் அப்பாவைப் பார்த்தாள்.

"எம் மக சார். பேசமாட்டா," என்றார் விருமாண்டி. "மேல போயி யார் பேரையும் சத்தமாச் சொல்லாதீங்க. எங்களுக்கு இங்கன சீட்டிதான். அம்புட்டுத்தான் சொல்லுவேன்."

வாத்தியார் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். தனியாகப் போகிறவன் யாரைக் கூப்பிடப்போகிறான்?

குகை குளிர்ந்திருந்தது. வெளவால் நாற்றத்தோடு, பழைய எண்ணெய் நாற்றமும் அடித்தது. பாறையில் வழுவழுப்பாகச் செதுக்கிய படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் கல்லிலேயே தலையணை. எட்டுப் படுக்கைகள். படுக்கைக்கு நாலு பேர் என்றால் முப்பத்திரண்டு பிள்ளைகளும் அடங்கிவிடுவார்கள். யாரை எங்கே உட்காரவைப்பது என்று குறிக்க, வகுப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதிய பட்டியலை எடுத்தார்.

இருபது வருஷம் பதிவேடு வாசித்த வாய். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். காகிதத்தைப் பிரித்ததும் அது தானாகத் திறந்துகொண்டது.

"அழகம்மாள்."

"உள்ளேன் ஐயா."

குரல் குகையின் உள்பக்கத்திலிருந்து வந்தது. எதிரொலி என்றால் பெயரல்லவா திரும்பி வரவேண்டும்? ஆடு மேய்க்கிற பிள்ளைகள் ஒளிந்திருந்து கேலி செய்கிறார்கள் என்று அவருக்குக் கோபம் வந்தது. எந்த மூலை என்று கண்டுபிடிக்க அடுத்த பெயரையும் வாசித்தார்.

"நல்லகாமன்."

"உ... உள்ளேன் ஐயா."

நல்லகாமன் திக்கித்தான் பேசுவான். அது அவன் குரலேதான்.

வாத்தியார் நிறுத்த நினைத்தார். வாய் நிற்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்தப் பிள்ளையின் குரல் வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கிட்டத்தில் வந்தது.

ஏழு பெயர்கள் போயின.

எட்டாவது, தங்கப்பொண்ணு. அவருடைய ஒரே மகள்.

நாக்கைக் கடித்துக்கொண்டார். ரத்தம் உப்புக் கரித்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்த படுக்கையிலிருந்து ஒரு குரல் கெஞ்சியது.

"அடுத்த பேரு சொல்லுங்கய்யா."

செருப்பு எங்கே விழுந்தது, எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. விருமாண்டி அவர் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டார்.

"எத்தன பேரு சார்?"

"ஏழு."

விருமாண்டி பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்து, "ராக்கம்மா," என்று மெல்லக் கூப்பிட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை.

"வாரேம்ப்பா," என்று குன்றின் மேலிருந்து பதில் வந்தது.

"இவ அண்ணன் ஒருநா மேலருந்து பேரச் சொல்லிக் கூப்பிட்டான்," என்றார் விருமாண்டி. "பேரக் குடுத்துட்டா குரல வச்சுக்கிரும். மிச்சப் பேராச்சும் அது காதுல விழாமப் பாத்துக்கங்க."

தண்ணீர் வசதி இல்லை என்று எழுதிக்கொடுத்துச் சுற்றுலாவை நிறுத்தினார். வீட்டில் மகளைப் பாப்பா என்று மட்டுமே கூப்பிட்டார். ஏழு பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தார். தன் பிள்ளை தப்பினாள் என்ற நிம்மதியும் ஓரத்தில் இருந்தது. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. குன்று எட்டு மைலுக்கு அப்பால் இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில் அவர் பெயர்களை வாசிக்கவில்லை. எண்களை வாசித்தார்.

"ஒண்ணு."

அழகம்மாள் எழுந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண்ணில் நீர் முட்டி நின்றது.

"உள்ளேன் ஐயா."

குரல் வராந்தாவிலிருந்து வந்தது. அங்கே வெயிலைத் தவிர யாருமில்லை. யாரோ தாமதமாக வந்து விளையாடுகிறார்கள் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு. எண்ணை நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் அவர் வாசித்துக்கொண்டே போனார். ஏழு வரை வராந்தாதான் பதில் சொன்னது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"எட்டு."

"உள்ளேன் ஐயா," என்றாள் அவர் மகள், தன் வாயால்.

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வராந்தாவிலிருந்து ஏழு குரல்களும் சேர்ந்து கேட்டன.

"எட்டு யாரு? பேரென்ன?"

அவர் கையை உயர்த்துவதற்குள், எந்தக் கேள்விக்கும் முந்திக்கொள்ளும் முதல் பெஞ்சுப் பையன் சங்கிலி வாசல் பக்கம் திரும்பினான். புதிதாக வந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"தங்கப்பொண்ணு."

வாத்தியார் மகளைப் பார்த்தார். அவள் மிரண்டுபோய் அவரைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"அப்பா," என்ற குரல் வராந்தாவிலிருந்து வந்தது.