போனை எடுக்காத டார்லீன்

போன் அலறியது.

சமையலறை மேஜையின் நடுவில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்து அதிர்ந்தது. அதன் சொந்தக்காரி டார்லீன் ஹூபர் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர, கையை நீட்டவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த டிடெக்டிவ் மார்லா ஸ்வோபோடா போனைப் பார்த்தாள். பிறகு டார்லீனைப் பார்த்தாள்.

"எடுக்கலையா?"

"தெரியாத நம்பர்."

போர்ட் ஹார்மன் நகரத்தில் தெரியாத நம்பரை எடுக்கிறவன் ஒன்று வெளியூர்க்காரன், அல்லது பைத்தியக்காரன். தெரியாத நம்பர் என்றால் கடன் வசூல்காரன் என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் மார்லா அப்போதைக்கு அதை விட்டுவிட்டாள்.

அன்று காலை, உறைந்து கிடந்த ஈரி ஏரியின் ஐஸில் ஆள் விழும் அளவுக்கு ஓர் ஓட்டை...

ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு தூண்டில். கவிழ்ந்த வாளி. டார்லீனின் புருஷன் வெண்டல் ஹூபரின் ஆரஞ்சு நிறத் தொப்பி.

வெண்டலை மட்டும் காணோம்!

டார்லீன்தான் அலறியடித்துக்கொண்டு போலீசுக்குச் சொன்னாள். ஐஸ் உருகும்வரை பிணம் கிடைக்காது என்று முக்குளிக்க வந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

"மிஸஸ் ஹூபர், உங்க வீட்டுக்காரருக்கு எதிரிங்க யாராவது?"

"ஒரே எதிரிதான். ஆஸ்பத்திரி."

"புரியல."

"ரெண்டு வருஷம் முன்னாடி நெஞ்சுவலி வந்துச்சு. ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்க. பிழைக்க வெச்சுட்டாங்க. பிழைச்சதுக்கு அறுபத்து நாலாயிரம் டாலர் பில்லு. டயர் குடோன்ல அவர் வாங்கற சம்பளம் கைக்கு வர்றதுக்குள்ள கால்வாசிய வசூல்காரன் கடிச்சுடறான்."

"அவர் பேர்ல லைஃப் இன்ஷூரன்ஸ்?"

"இன்ஷூரன்ஸ் எடுக்க வசதி இருந்தா நாங்க ஏன் மேடம் இந்தக் கதிக்கு வரோம்?"

ஜன்னலோரம் நின்றிருந்த டுவேன் பிட்மன் தொண்டையைச் செருமினார். மார்லாவோடு போலீஸ் வேலையில் வெகுகாலமாகக் குப்பை கொட்டுகிறவர். பெல்ட்டைத் தொப்பைக்கு மேலே போடுவதா, கீழே போடுவதா என்று இன்னும் முடிவுக்கு வராதவர்.

"மேடம்... எனக்கு ஒரு சின்ன சந்தேகம்."

"கேளுங்க."

"அந்த ஓட்டையப் பார்த்தேன். நல்லா சதுரமா இருக்கு. தவறி விழறவன் ரம்பம் வெச்சு, அளவெடுத்து, மூலை மட்டம் பார்த்து அறுத்துட்டா விழுவான்?"

டார்லீனின் அழுகை ஒரு விநாடி நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடர்ந்தது.

"அவர் எதையும் ஒழுங்காத்தான் செய்வாரு..."

மறுபடியும் போன் அலறியது. அதே நம்பர். டார்லீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்லா நாற்காலியை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

"மிஸஸ் ஹூபர், புருஷனைக் காணோம்னு தவிக்கிற பொம்பளைங்கள நான் நிறைய பார்த்திருக்கேன். போன் அடிச்சா பிடுங்கி எடுப்பாங்க. வசூல்காரனா, பேயா, பிசாசான்னு பார்க்க மாட்டாங்க. அவரைப் பத்தின சேதியா இருக்குமோன்னு ஒரு நப்பாசை. நீங்க எடுக்கல. ஏன்னா, அவருக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்."

டார்லீன் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஓட்டைய அறுத்தது யாரு?"

டார்லீன் சர்க்கரை டப்பாவின் மூடியைத் திருகினாள்.

"அவரை உள்ள தள்ளிவிட்டது நீங்கதானே?"

"கொலைன்னா சொல்றீங்க?"

"இல்லைன்னா, வேற என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

டார்லீனின் முகம் வெளுத்தது. உண்மையைச் சொன்னால் வசூல்காரன் திரும்ப வருவான். சொல்லாவிட்டால் ஜெயில்.

பிறகு பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் தட்டு நிரப்பும் இரண்டு கைகளையும் மணிக்கட்டு தெரிய நீட்டினாள்.

"பூட்டுங்க."

மார்லாவுக்குச் சுருக்கென்றது. குற்றவாளிகள் இப்படிக் கையை நீட்டுவதில்லை. யோசிப்பதற்குள் போன் மூன்றாவது முறை அலறியது. இந்தத் தடவை மார்லாவே அதை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"ஹலோ."

மறுமுனையில் ஒரு பெண் மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"எடுத்துட்டீங்களா... நிஜமாவா?"

"யாரு பேசறது?"

"நகராட்சிலருந்து டெல்ஃபின் பேசறேன். மருத்துவக் கடன் நிவாரணப் பிரிவு. ஒரு மாசமா கூப்பிடறேங்க, இந்த ஊர்ல ஒரு ஜீவன் போனை எடுக்கல. எங்கம்மாவே எடுக்கல. வசதியில்லாதவங்களோட ஆஸ்பத்திரிக் கடனை நகராட்சியே வாங்கி ரத்து பண்ணுது. வெண்டல் ஹூபரோட கடனும் இருக்கு. அவர் மனு எதுவும் போட வேண்டாம். இன்னிக்கு சாயங்காலம் மேயர் கையெழுத்துப் போட்டா அத்தனையும் தீர்ந்துது. லெட்டர்கூட அனுப்பினோமே?"

மார்லா டார்லீனை ஏறிட்டாள்.

"குப்பைல போட்டேன்," என்றாள் டார்லீன் ஈனமான குரலில். "'வாழ்த்துகள், உங்க கடன் தீரப்போகுது'ன்னு போட்டிருந்துச்சு. எவன் நம்புவான்?"

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். போர்ட் ஹார்மனில் பல்லெல்லாம் பார்க்க மாட்டார்கள். திருட்டு மாடு என்று வாசலோடு விரட்டிவிடுவார்கள்.

மார்லா போனிடம் குனிந்தாள்.

"நான் போலீஸ். வெண்டல் ஹூபர் காலைல இறந்துட்டாருன்னு நினைக்கிறோம்."

"அடப் பாவமே... அப்போ ஒரு சிக்கல் இருக்குங்க. திட்டம் உயிரோட இருக்கறவங்களுக்கு மட்டும்தான். பரவாயில்ல, வரிசைல நிறைய பேர் நிக்கறாங்க. இவர் பேரை அடிச்சுட்டு—"

"அடிக்காதே!"

டார்லீன் நாற்காலி கவிழ எழுந்தாள்.

"அடிக்காதம்மா... அவர் சாகல. கீழதான் இருக்காரு!"

நிலவறைக் கதவு கிரீச்சிட்டது. கம்பளி போர்த்திய ஓர் உருவம் படியேறி வந்தது. கையில் பால் ஊற்றிய கார்ன்ஃப்ளேக்ஸ் கிண்ணம்.

காலையில் செத்துப்போன வெண்டல் ஹூபர்!

"மன்னிச்சிருங்க," என்றான். "கீழ ஒரே குளிரு."

பிட்மன் தலையிலடித்துக்கொண்டார். "எதுக்குய்யா இந்த வேலை?"

"செத்தவன் சம்பளத்துல யாரும் கை வைக்க முடியாதுல்ல?"

"செத்தவனுக்கு எவன்யா சம்பளம் குடுப்பான்?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதை நாங்க யோசிக்கல," என்றாள் டார்லீன்.

மார்லாவுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. போன வருஷம் அவளுடைய அக்கா ஆம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து, உடைந்த கால் எலும்போடு டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனது ஞாபகம் வந்தது.

"காணாமப் போனவர் வீட்லயே கிடைச்சாருன்னு எழுதிடறேன். தண்ணிக்குள்ள இறங்கினவங்களுக்குச் சூடா சூப் வாங்கிக் குடுங்க. இத்தோட விட்டுடறேன்."

வெண்டல் நம்ப முடியாமல் போனிடம் போனான்.

"அம்மா... அறுபத்து நாலாயிரமும் போயிடுமா? அவ்வளவு பணத்துக்கு நகராட்சி எங்க போச்சு?"

டெல்ஃபின் பெருமையாகச் சிரித்தாள். "எங்க மேயர் கெட்டிக்காரருங்க. பழைய கடன், வராத கடன். மொத்தமாப் பேசி டாலருக்கு ஒரு சென்ட்னு வாங்கிட்டாரு. உங்களுது வெறும் அறுநூத்தி நாப்பது டாலர்."

வெண்டலின் கையிலிருந்து கிண்ணம் நழுவியது.

"அறுநூத்தி... நாப்பதா? அதை... என்கிட்ட கேட்டிருந்தா... படகை வித்து நானே..."

மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

பிட்மன் வயர்லெஸ்ஸை எடுத்தார். "ஆம்புலன்ஸ் ஒண்ணு உடனே—"

கீழேயிருந்து ஒரு கை அவர் பேன்ட்டைப் பற்றியது.

"வேண்டாம்... ஆம்புலன்ஸ்... வேண்டாம்..."

"சார், செத்துருவீங்க!"

"மறுபடியும்... பில்லு..."

"புதுக் கடனுக்கு இந்தத் திட்டத்துல இடமில்லீங்க," என்று போன் வருத்தத்தோடு சொன்னது.

டார்லீன் அவன் தலையை மடியில் ஏந்தி அழுதாள். காலையில் அழுததெல்லாம் நடிப்பு. இது அடிவயிற்றிலிருந்து வந்தது.

திடீரென்று அவள் நிமிர்ந்தாள்.

"மேடம், என் தம்பி ஜெயில்ல இருந்தப்ப அவனுக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் பண்ணாங்க. ஒரு பைசா கேக்கல. கைதின்னா செலவு சர்க்காரோடது, இல்ல?"

"ஆமா..."

"அப்ப இவரை அரெஸ்ட் பண்ணுங்க."

"விட்டுட்டேன்னு சொன்னேனே."

"உங்களை யாரு விடச் சொன்னா? பொய்ப் புகார்! போலீஸை ஏமாத்தினது! ஏரில ஓட்டை போட்டது! பண்ணுங்க மேடம்..."

மார்லா ஒரு கணம்தான் யோசித்தாள். இடுப்பிலிருந்து விலங்கை உருவி, வலிக்காமல், ஒரு கையில் மட்டும் மாட்டினாள்.

"வெண்டல் ஹூபர், உங்களைக் கைது பண்றேன். எதுவும் பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. தயவுசெஞ்சு அதைப் பயன்படுத்துங்க. பிட்மன், இப்ப கூப்பிடுங்க."

வெண்டலின் பிடி பேன்ட்டிலிருந்து தளர்ந்தது. வலிக்கு நடுவிலும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி.

ஆம்புலன்ஸ் வந்தது. நாடி பார்த்தவர் கட்டைவிரலை உயர்த்தினார், பிழைத்துக்கொள்வான். டார்லீன் அவன் விலங்குக் கையைப் பிடித்துக்கொண்டே கூட ஏறினாள்.

பிட்மன் பேனாவைத் திறந்தார்.

"மேடம், குற்றம்னு என்ன எழுதட்டும்?"

மார்லா கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"மாரடைப்பு."