விரலுக்கு எவ்வளவு

இரண்டு அங்குல நரம்புக்குப் பதினைந்து ரூபாயும் ஒரு கம்பளியும். அதற்கு மேல் ஒரு காசு கொடுக்கவில்லை என்பதில் பஞ்சாட்சரத்துக்குப் பெருமை. டாக்டர் கோபால்சாமி ஐம்பது வரை போகலாம் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மீதி முப்பத்தைந்தை ஆபீசில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டான். திருட்டுப் புத்தி கிடையாது. செங்கம் சந்தையில் மாட்டுத் தரகு பேசிய குடும்பத்தில் பிறந்தவன். விலையை இறக்குவதுதான் அவனுக்கு ருசி, இறக்கிய காசு யார் பைக்குப் போனாலும் சரி.

ஐப்பசி மழையில் மறுபடி மலைக்கு வந்து இறங்கியவனுக்கு இதெல்லாம் ஞாபகம் வரக் காரணம் ஒரு டீ கிளாஸ்.

"இன்னா சார், கையா இரும்பா அது?" என்றார் ஜமுனாமரத்தூர் டீக்கடை சேட்டு. "ஆவி பறக்குது, முழுசா புடிச்சிக்கினு நிக்கிறீங்க."

பஞ்சாட்சரம் குனிந்து பார்த்தான். விரல் நுனிகள் சிவந்திருந்தன. சூடு மட்டும் எங்கேயும் இல்லை. குளிரில் மரத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு கிளாஸை வைத்தான். அதை எடுத்து, மற்ற கிளாஸ்களோடு சேர்க்காமல் சேட்டு தனியாகக் கழுவியதையும் பார்த்தான். அது பழகியதுதான். தொழுநோய் ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செங்கத்தில் அண்ணன் வீட்டிலேயே அவனுக்குத் தனித் தம்ளர், தனிப் பாய். பார்த்திருந்த பெண் வீட்டார் மறுபடி வரவில்லை. அவன் கையை யாராவது பிடித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தால், கடைசியாகப் பிடித்த கை மாதையனுடையது. துண்டுக்கு அடியில்.

மாதையன் மலைக்காரன், சாமை விளைவித்து, புளி உலுக்கிப் பிழைத்தவன். அவனுக்கு நோயின் சீற்றம் வந்து தோல் சிவந்து தடித்திருந்த நேரம். அப்படிப்பட்ட நேரத்து நரம்புதான் டாக்டருக்கு வேண்டும். நரம்பைச் சுற்றி ஓர் உறை. உறையில் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகக் கோத்திருக்கும். அந்தக் கோப்பு எந்த இடத்தில் விட்டுப்போகிறது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். "உங்க ஊர் சாக்குத் தையல் மாதிரிதான் பஞ்சாட்சரம். தையல் விட்டா மூட்டை ஒழுகும்" என்பார். அவனுக்கு அது புரிந்தது. அந்த மூட்டை ஒரு மனுஷன் என்பது அவ்வளவாக உறைக்கவில்லை.

பேரத்தை மாட்டுச் சந்தை முறையிலேயே வைத்துக்கொண்டான். ஆட்கள் சிரித்துக்கொண்டு சுற்றி நிற்க, "விரலுக்குப் பத்து ரூபா" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கைகளின் மேல் துண்டைப் போட்டான். துண்டுக்குள் யார் எத்தனை விரல் பிடிக்கிறார்கள் என்பது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவன் பிடித்தது ஒரு விரலும் அரை விரலும். மாதையன் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. பஞ்சாட்சரம் நகத்தால் அழுத்திப் பார்த்தான். அப்போதும் ஓடவில்லை. அந்தக் கையில் கட்டை விரலைத் தவிர மற்றதெல்லாம் செத்திருந்தது. எத்தனை விரல் பிடிபட்டிருக்கிறது என்று மாதையனுக்குத் தெரியவில்லை; தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கம்.

"சரியா?" என்றான் பஞ்சாட்சரம்.

"சரி" என்றான் மாதையன்.

பேரம் படிந்தது.

*

தங்கும் கட்டடம் ஊருக்கு வெளியே, புளியமரங்களைத் தாண்டி இருந்தது. சோதனை ஊசி போட்டுக்கொண்ட ஆட்கள் நாளைக் காலை அங்கே வருவார்கள். முன்கையில் எழும்பியிருக்கும் தடிப்பை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். அவன் நடந்து போய்ச் சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மாதையன் மனைவி செல்லி. மடியில் மடித்த கம்பளி.

"இன்னா செல்லி? மாதையன் எப்பிடி கீறான்?"

"பூட்டாருங்க. ஆடி கடைசில."

அவன் பூட்டைத் திறக்காமல் நின்றான்.

"அடுப்புல சட்டிய எறக்கி வெச்சிட்டு, கொள்ளி மேல கைய ஊனிக்கினு எங்கிட்ட பேசிக்கினு இருந்தாரு. நாத்தம் வந்தப்பறம்தான் எனுக்கே தெரிஞ்சிது. முந்தியெல்லாம் அந்தக் கட்டவெரலு ஒண்ணு சூடு சொல்லிடும் அவருக்கு. நீங்க அறுத்துக்கினு போனப்பறம் அதுவும் சொல்லல. புண்ணு ஏறிப் பூட்ச்சி."

"கீழ ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கலாமே."

"எங்க ஊருக்கு பஸ்ஸு எங்க கீது?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஒண்ணு கேக்கணும் சார். துண்டுக்குள்ள எத்தினி வெரலு புடிச்சீங்க?"

"அவனுக்குத் தெரியாததா? அவன்தானே சரின்னான்."

"சாவுற வரைக்கும் அதயேதான் கேட்டுக்கினு இருந்தாரு. எத்தினின்னு தெரியலடி, வெக்கத்துல சரின்னுட்டேன்னாரு. குடுத்தது பதினஞ்சுதான், புடிச்சது அஞ்சா இருக்குமான்னாரு. சாரு வருவாரு இல்ல, அப்ப நானே கேட்டுக்கறேன்னாரு."

உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும். "ரெண்டு பேரும் தெரிஞ்சிதான் பேசினோம்" என்றான் பஞ்சாட்சரம்.

செல்லி தலையை ஆட்டிக்கொண்டாள். கம்பளியைப் படியில் வைத்தாள். "இது எங்களுக்கு வோணாங்க. பொணத்து மேல போத்தினோம். நழுவி நழுவி வுழுந்துக்கினே இருந்திச்சி." எழுந்து புளியமரத்துப் பக்கம் நடந்தாள். கொஞ்ச தூரம் வரை சேற்றில் அவள் கால் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

*

பஸ் கூரை மேல் வைத்து வந்த படுக்கை பிழிந்தால் ஒழுகும்படி நனைந்திருந்தது. அரிக்கேன் விளக்கை ஏற்றி, கொண்டு வந்த புளிச்சோற்றைத் தின்ன உட்கார்ந்தான். கை சோற்றுக்குள் போனது தெரிந்தது, கண்ணுக்குத்தான் தெரிந்தது. சோறு ஈரமா, உலர்ந்ததா, இருக்கிறதா என்று விரல் ஒன்றும் சொல்லவில்லை. இந்த நோய் ஒரே சாயங்காலத்தில் வராது, வருஷக்கணக்கில் ஊர்ந்து வரும் என்று அவனே எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறான். அதையே இப்போது வாய்விட்டுச் சொன்னான். கூரை ஓட்டில் மழை ஓர் இடத்தில் மட்டும் பெய்யாமல் விட்டுவிட்டு, மறுபடி அந்த இடத்தையும் மூடியது.

பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து நுனியைத் திரித்தான். நோயாளிகளுக்குச் செய்வதுதான்: கண்ணை மூடு, தொட்ட இடத்தைக் காட்டு. கண்ணை மூடி, வலது கையின் சுண்டு விரலைத் தொட்டான். தெரியவில்லை. மோதிர விரல், தெரியவில்லை. உள்ளங்கை முழுக்க, வெறும் பலகையைத் துடைப்பதுபோல். மணிக்கட்டில் மட்டும் மெதுவாக ஒரு தொடுகை. அப்பாடா என்று கண்ணைத் திறந்தான்.

பஞ்சு இன்னும் உள்ளங்கையில்தான் இருந்தது. மணிக்கட்டுக்கு அது வரவே இல்லை.

விளக்கைத் தூண்டினான். வெளிச்சம் சுவர் வரை போய், மூலையை எட்டாமல் திரும்பி வந்தது. கதவுக்குத் தாழ் போட்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடு கிடையாது. கேட்டாலும் இவன் கூப்பிட்டு வருகிறவர்கள் யாரும் இந்த மலையிலும் இல்லை, கீழே செங்கத்திலும் இல்லை. குளிர் தரையிலிருந்து எலும்புக்கு ஏறியது. வெகுநேரம் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தான். கடைசியில் எழுந்துபோய்ப் படியில் கிடந்த கம்பளியை எடுத்து வந்து, மறுபடி தாழ் போட்டு, அதைப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

புகை வாசனை. அதற்கு அடியில் கருகிய தோலின் வாசனை. அதற்கும் அடியில் மண்.

விளக்கு சிறுத்தது.

கம்பளி நழுவவில்லை. ஒட்டிக்கொண்டது.

வலது கை இருந்த இடத்தில் கம்பளி மெல்ல மேடிட்டது. அவன் கை அந்த அளவு பெரிதில்லை. ஒரு கைக்கு அத்தனை மேடு வராது. இரண்டு கைக்கு வரும். சந்தையில், துண்டுக்கு மேலே, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய மேடு.

கையை இழுத்தான். வரவில்லை.

மணிக்கட்டு வரைக்கும்தான் அவனுக்கு உணர்ச்சி மிச்சம். அங்கே வேறொரு மணிக்கட்டு உரசியது. குளிர்ந்திருந்தது. அதில் வரிசையாக முடிச்சுகள். நரம்பை எடுத்த இடத்துத் தையல் முடிச்சுகள். பிரிக்காமலே விட்டுவிட்ட நூலின் முனைகள் அவன் தோலைக் குத்தின.

"மாதையா" என்றான். "அஞ்சுதான். அஞ்சு விரல்தான் பிடிச்சேன்."

மேடு அசையவில்லை.

இடது கையால் சட்டைப் பையைத் துழாவினான். வழிச்செலவுக்கு வைத்திருந்த பணம், அதுவும் முப்பத்தைந்து ரூபாய். எண்ணக்கூட இல்லை, அப்படியே கம்பளிக்குள் திணித்தான். நோட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தரையில் விழுந்தன. நனைந்திருந்தன.

பிறகு பேரம் தொடங்கியது.

கம்பளி எழும்பித் தாழ்வது தெரிந்தது. உள்ளே அவன் விரல்களை எதுவோ பிடித்தது. விட்டது. மறுபடி பிடித்தது. எத்தனை விரல்? ஒன்றா? மூன்றா? முழுக் கையா? கண்ணை அகல விழித்துப் பார்த்தான். கம்பளி கறுப்பு. விளக்கு சிவப்பு. விரல்கள் செத்தவை. தெரியவில்லை. எத்தனை என்று தெரியவில்லை.

மணிக்கட்டில் ஓர் அழுத்தம். நகத்தின் அழுத்தம். அதற்கு அர்த்தம் அவனுக்குத் தெரியும்.

சரியா?

அழுத்தம் கூடியது. பதில் வந்தால்தான் பிடி விடும். சந்தை முறை அது.

"சரி" என்றான் பஞ்சாட்சரம்.

பிடி விட்டது. மேடு தணிந்தது. மழைகூட நின்றுவிட்டதுபோல் இருந்தது. தப்பித்தோம் என்று ஒரு மூச்சை இழுத்து, அது பாதி உள்ளே போயிருக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. துண்டைப் போடுவதற்கு முன்னால் விரலுக்கு இவ்வளவு என்று உரக்கச் சொல்ல வேண்டும். இந்தப் பேரத்தில் யாரும் சொல்லவில்லை.

கம்பளியின் கால்மாட்டில் சின்னதாக ஒரு மேடு எழும்பியது. கை விரல்களை எண்ணி முடித்துவிட்டு, அது கால் விரல்களுக்கு வந்திருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டது. தொட்டது ஒவ்வொன்றும் இல்லாமல் போயிற்று.

கொடுத்தது, பதினைந்து ரூபாயும் ஒரு கம்பளியும். கம்பளி திரும்பி வந்துவிட்டது. முப்பத்தைந்து ரூபாயை வாங்கிக்கொள்ளவில்லை. மீதியெல்லாம் பாக்கி. முழங்கால் வரை வசூலாகியிருந்தது.